சாரா பர்க்: சாவை ஓரமாக வைத்துவிட்டு ஆட்டத்தைப் பேசலாமா?

பனிப்பித்தன் (கோவை):

குளிர்கால விளையாட்டு என்று இழை தொடங்கினால் இங்கே நாலு பேர் வந்தாலே அதிசயம். பரவாயில்லை. போன வாரம் சீனாவுக்காக ஆடும் ஸ்கீ வீராங்கனை ஐலீன் கூ பற்றிய இழையில் ஒருவர், "பெண்கள் ஃப்ரீஸ்டைல் ஸ்கீயிங்கையே உருவாக்கியவர் இவர்தான்" என்று அடித்துவிட்டுப் போயிருந்தார். ஃப்ரீஸ்டைல் என்றால் ஸ்கீ மாட்டிக்கொண்டு வித்தை காட்டும் பனிச்சறுக்கு. கூ அபாரமான ஆட்டக்காரர், சந்தேகமே இல்லை. ஆனால் அவர் 2022இல் தங்கம் வாங்கிய ஹாஃப்பைப் போட்டி ஒலிம்பிக்கில் இருப்பதற்கு முதலில் கை காட்ட வேண்டியது வேறொருவரை. கூ பிறந்தது 2003 செப்டம்பர் 3. அதே செப்டம்பர் 3, சரியாக 21 வருஷம் முன்னால், கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தில் பாரி என்ற ஊரில் பிறந்தவர் சாரா பர்க்.

வளர்ந்தது பக்கத்தில் மிட்லண்ட். ஆரம்பத்தில் மோகல்ஸ் ஆடினார். சரிவு முழுக்க வரிசையாக மேடுகள் இருக்க, முழங்கால் தெறிக்கத் தெறிக்க இறங்குவார்களே, அது. 90களின் கடைசியில் இரண்டு முனையும் மேலே வளைந்த ஸ்கீ வந்தது. சாலமன் கம்பெனியின் 'டென் எய்ட்டி' அதில் பிரபலம். பின்பக்கமாகவும் இறங்கலாம், பின்பக்கமாகவே தரையும் தொடலாம் என்றானதும், ஒற்றைப் பலகையில் சறுக்கும் ஸ்னோபோர்டுக்காரர்கள் ராஜ்யம் நடத்திக்கொண்டிருந்த ஹாஃப்பைப்புக்குள் ஸ்கீக்காரப் பையன்கள் நுழைந்தார்கள். பையன்கள்தான். பெண்களுக்குத் தனிப் போட்டியே கிடையாது. பர்க் அமைப்பாளர்களிடம் கேட்டுக் கேட்டு, இடம் கிடைத்த இடத்தில் ஆண்களோடு சேர்ந்தே இறங்கினார்.

போட்டியில் 720, 900, 1080 டிகிரி சுற்று மூன்றையும் முதலில் இறக்கிக் காட்டிய பெண் இவர். 2005இல் ஃபின்லாந்தின் ரூகாவில் உலக சாம்பியன். சாகச விளையாட்டுகளுக்கான பெரிய போட்டியான எக்ஸ் கேம்ஸில், சூப்பர்பைப் என்ற பெரிய ஹாஃப்பைப்பில் 2007, 2008, 2009, 2011 என நாலு தங்கம்.

2012 ஜனவரி 10 அன்று யூட்டாவின் பார்க் சிட்டியில் பயிற்சியின்போது விழுந்தார். ஒன்பது நாள் கழித்து இறந்தார். வயது 29. கூகிளில் தேடினால் முதல் பக்கம் முழுக்க அந்த ஒன்பது நாள்தான் வரும். அதனால்தான் தலைப்பை இப்படி வைத்தேன்.

சும்மா_வந்தவன்:

ஐயா, பனியையே ஃப்ரீசரில் மட்டும் பார்த்தவன் நான். ஹாஃப்பைப் என்றால் என்ன? 720, 900 எல்லாம் ஏதோ பைக் மாடல் மாதிரி இருக்கு.

பனிப்பித்தன் (கோவை):

மலைச்சரிவில் ஒரு பெரிய மூங்கிலை நீளவாக்கில் பிளந்து படுக்கப் போட்டது போல ஒரு பள்ளம். இரண்டு பக்கச் சுவரும் 22 அடி, அதாவது 6.7 மீட்டர். மெத்தென்ற பனி என்று நினைக்காதீர்கள். இயந்திரம் வைத்துச் செதுக்கி இறுக்கிய பனி, ராத்திரிக் குளிரில் கல்லாகிவிடும். ஒரு சுவரில் ஏறி, விளிம்பைத் தாண்டி வானத்தில் எழும்பி, சுற்றி, அதே சுவரில் இறங்கி, அந்த வேகத்திலேயே எதிர்ச் சுவருக்குப் போக வேண்டும். விளிம்புக்கு மேலே எவ்வளவு உயரம், என்ன சுற்று, எவ்வளவு சுத்தமாக இறங்கினார்கள் என்று பார்த்து மார்க்.

எண்கள் சுற்றின் டிகிரி. 360 என்றால் முழுச் சுற்று. இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. சுவரில் முகம் மேலே பார்த்து ஏறுகிறோம், இறங்கும்போது முகம் கீழே இருக்க வேண்டும். அதற்கே 180 செலவு. ஆகவே பைப்பில் 540ஓ 900ஓ அடித்தால் முன்பக்கமாக இறங்கலாம். 720, 1080 அடித்தால் பின்பக்கமாக, கழுத்தைத் திருப்பித் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டு, எதிர்ச் சுவருக்குப் போக வேண்டியதுதான். அடுத்த வித்தையை அந்த நிலையிலிருந்து தொடங்க வேண்டும். இதைத் தெரிந்துகொண்டு பழைய வீடியோக்களைப் பாருங்கள், வேறு மாதிரி தெரியும்.

கணக்குப்பிள்ளை (சென்னை):

நல்ல அறிமுகம். ஆனால் ஒரு நெருடலைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

"சாவை ஓரமாக வைப்போம்" என்பது வசதியான பேச்சு. அவர் விழுந்தது ஒலிம்பிக்கிலோ தேசிய அணி முகாமிலோ இல்லை. ஒரு ஸ்பான்சர் நிறுவனம் தனியாக நடத்திய நிகழ்ச்சியில். அதே ஊரில் அதே பைப்பில் 2009 டிசம்பர் 31 அன்று அமெரிக்க ஸ்னோபோர்டர் கெவின் பியர்ஸ் விழுந்து மூளையில் பலத்த அடி. உயிர் பிழைத்தார், ஆட்டம் போய்விட்டது. பர்க்கே 2009 எக்ஸ் கேம்ஸில் ஸ்லோப்ஸ்டைல் (கம்பிகளும் குதிமேடுகளும் வைத்த சரிவில் வித்தை காட்டி இறங்குவது) ஆடும்போது முதுகெலும்பை முறித்துக்கொண்டவர். எழுந்து திரும்பி வந்து 2011இல் தங்கம் வாங்கினார். இதை "மன உறுதி" என்று கைதட்டுகிறோம். அவருக்குச் சம்பளம் கொடுத்த முதலாளி என்று யாராவது உண்டா? பி.எஃப்., காப்பீடு? லோகோவை ஹெல்மெட்டில் ஒட்டக் காசு தருவார்கள், அவ்வளவுதான். இதைப் பேசாமல் மரபு, முன்னோடி என்று மாலை போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

வானதி:

கணக்குப்பிள்ளை சார் சொல்வதில் பாதி சரி. ஆனால் அந்த ஸ்லோப்ஸ்டைல் எப்படி வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எக்ஸ் கேம்ஸில் பெண்கள் ஸ்கீ ஸ்லோப்ஸ்டைல் சேர்க்கப்பட்டதே 2009இல்தான். சேர்க்கச் சொல்லி மல்லுக்கட்டியவர்களில் முக்கியமானவர் பர்க். வாங்கிக் கொடுத்த போட்டியின் முதல் வருஷத்திலேயே அவர் முதுகு போனது. அதற்காக "இதெல்லாம் உங்களுக்கு எதுக்கும்மா" என்று நிறுத்தியிருக்க வேண்டுமா? பையன்கள் எலும்பை முறித்தால் யாரும் அப்படிக் கேட்பதில்லை.

ஸ்காபரோ சிவம் (ரொறன்ரோ):

எல்லாருக்கும் வணக்கம். நான் இருக்கிறது ரொறன்ரோ பக்கம். இஞ்சயிருந்து 400ஆம் ஹைவேயில வடக்க ஏறினா பாரிக்கு ஒரு மணித்தியாலம். எங்கட பிள்ளையளைப் பள்ளிக்கூடத்தால ஸ்கீ ரிப் எண்டு அந்தப் பக்கந்தான் கூட்டிக்கொண்டு போறவை. வெளியால இருக்கிற ஆக்கள் கனடா எண்டா எல்லா இடமும் பெரிய மலை எண்டு நினைப்பினம். ஒன்ராறியோவில இருக்கிறது குன்றுகள். இருநூறு மீற்றர் இறக்கம் இருந்தாலே எங்களுக்கு அது பெரிய மலை. அந்தக் குன்றில பழகின பெட்டை, பிறகு மேற்க விஸ்லர் பக்கம் போய் உலகச் சம்பியனா வந்தது லேசுப்பட்ட விசயமில்லை.

இனி காசு விசயம். கணக்குப்பிள்ளை அண்ணை தொட்ட இடத்தை நான் கொஞ்சம் விரிச்சுச் சொல்லுறன், ஏனெண்டா இஞ்ச இருக்கிற எங்கட சனத்துக்கு இது உதவும்.

கனடாவில ஆஸ்பத்திரி இலவசம். அது கனடாவுக்குள்ள. எல்லை தாண்டினா கதை வேற. ஒன்ராறியோவின்ர அரசாங்க மருத்துவக் காப்புறுதித் திட்டம் ஓஹிப், வெளிநாட்டு ஆஸ்பத்திரியில தீவிர சிகிச்சைக்கே நாளுக்கு ஆகக்கூடினது 400 டொலர்தான் குடுக்கும். பர்க் குடியிருந்தது பிரிட்டிஷ் கொலம்பியாவில. அங்கத்தைய திட்டம் குடுக்கிறது நாளுக்கு 75 டொலர். அமெரிக்காவில ஐ.சி.யூ. கட்டில் ஒரு நாளைக்கு என்ன விலை எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

கனடிய ஃப்ரீஸ்டைல் சங்கத்துக்குக் காப்புறுதி இருந்தது. ஆனா சங்கம் அங்கீகரிச்ச போட்டியளுக்கும் பயிற்சியளுக்கும் மட்டும். இது ஸ்பான்சரின்ர நிகழ்ச்சி. அதால பொருந்தேல்லை. பில் ஐந்தரை லட்சம் டொலர் வரைக்கும் வரலாம் எண்டு முதலில கதை வந்தது. இணையத்தில உண்டியல் வைச்சினம், கொஞ்ச நாளுக்குள்ள மூண்டு லட்சம் டொலருக்கு மேல சேர்ந்தது. ஆளை ஒருநாளும் நேரில காணாத சனம் பத்தும் இருபதுமாப் போட்ட காசு. பிறகு அவவின்ர பெயரில ஒரு அறக்கட்டளை வந்து, இளம் ஆட்டக்காரருக்கு உதவித்தொகை குடுக்குது.

மரணச் செய்தி வந்த அண்டைக்கு இஞ்ச ரேடியோவில இதுதான் கதை. ஒலிம்பிக்குக்குப் போக இருந்த ஒருத்தியின்ர குடும்பம் பில்லுக்குக் கை நீட்ட வேண்டி வந்திட்டுதே எண்டு எல்லாருக்கும் ஒரு வெட்கம்.

கணக்குப்பிள்ளை (சென்னை):

சிவம் சார், இதைத்தான் நான் சொல்ல வந்தேன். நீங்கள் தெளிவாகச் சொல்லிவிட்டீர்கள்.

நரம்பு வைத்தியர் (மதுரை):

ஹெல்மெட் போட்டிருந்தும் எப்படி என்று பல பேர் கேட்கிறார்கள். போட்டிருந்தார். அடி மண்டையோட்டில் இல்லை, கழுத்தில்.

கழுத்து எலும்புகளின் இரு பக்கமும் சிறு துளைகள் உண்டு. அவற்றின் வழியாக ஏறி மூளையின் பின்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகள் இரண்டு. கழுத்து சட்டென்று மடங்கினாலோ முறுகினாலோ அவற்றில் ஒன்று கிழியலாம். பர்க்குக்கு அப்படித்தான் கிழிந்து மூளையைச் சுற்றி ரத்தக்கசிவு ஆனது. களத்திலேயே இதயம் நின்றுவிட்டது. அங்கேயே மார்பை அழுத்தி முதலுதவி செய்துதான் சால்ட் லேக் சிட்டிக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் தமனியைச் சரிசெய்ய அறுவை சிகிச்சையும் நடந்தது. ஆனால் இதயம் நின்றிருந்த நேரத்தில் மூளைக்கு ஆக்சிஜன் போகவில்லை. அந்தச் சேதத்தைத் திருப்ப முடியாது. விழுந்த விதம் பார்த்தவர்களுக்குப் பெரிய விபத்தாகவே தோன்றவில்லை என்றுதான் அப்போது செய்திகள் சொல்லின. இந்த வகைக் காயத்தில் அது ஆச்சரியமில்லை. எங்கள் ஊரில் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகிறவர்களிடமும் இதைப் பார்த்திருக்கிறேன்.

அவருடைய விருப்பப்படி உறுப்புகளைத் தானம் செய்தார்கள். அதையும் யாராவது எழுத வேண்டும் என்று எழுதுகிறேன்.

மட்டுறுத்துநர்:

விபத்து வீடியோ இணைப்புகள் இரண்டை நீக்கியிருக்கிறேன். தயவுசெய்து போட வேண்டாம்.

வானதி:

நன்றி. இனி ஆட்டத்துக்கு வருவோமா?

ஒலிம்பிக் கதைக்கு முன்னால் கொஞ்சம் வரலாறு வேண்டும். மோகல்ஸ் 1992இல் பதக்கப் போட்டி ஆனது, ஏரியல்ஸ் (மேட்டிலிருந்து எம்பி வானத்தில் கரணம் அடிப்பது) 1994இல். ஸ்னோபோர்டு ஹாஃப்பைப் 1998 நாகானோவிலேயே வந்துவிட்டது. ஸ்கீ ஹாஃப்பைப் மட்டும் வெளியே நின்றது. 2010 வான்கூவர் ஒலிம்பிக் பர்க் குடியிருந்த மாகாணத்திலேயே நடந்தது, அதிலும் இல்லை.

அதே வான்கூவரில் இன்னொரு சண்டை. ஸ்கீ ஜம்பிங் ஆண்களுக்கு மட்டும்தான் இருந்தது. பெண்கள் 2009இல் பிரிட்டிஷ் கொலம்பியா உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். பாகுபாடுதான் என்று நீதிபதியே ஒப்புக்கொண்டார். ஆனால் எந்தப் போட்டி நடக்கும் என்று முடிவு செய்வது சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி, அது இந்த நீதிமன்றத்துக்குக் கட்டுப்பட்டதில்லை என்று வழக்கு தள்ளுபடி. அவர்கள் வழியில் அவர்கள் போராடினார்கள்.

பர்க்கின் வழி வேறு. "போதுமான பெண்கள் இல்லை" என்பதுதான் எப்போதும் சொல்லப்பட்ட காரணம். அந்தக் காரணத்தையே இல்லாமல் ஆக்கப் பார்த்தார். பயிற்சி முகாம்களில் சின்னப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார், போட்டியாளர்களையே கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சேர்த்தார். தன்னைத் தோற்கடிக்கக்கூடியவர்களைத் தானே தேடிப் பிடித்து உள்ளே கொண்டுவருவது எத்தனை பேருக்கு வரும்?

2011 ஏப்ரல் 6 அன்று கமிட்டி பட்டியலை அறிவித்தது. பெண்கள் ஸ்கீ ஜம்பிங், ஆண்கள் பெண்கள் இருவருக்கும் ஸ்கீ ஹாஃப்பைப், இரண்டும் ஒரே நாளில் உள்ளே. என் வாதம் இதுதான்: 2011இல் ஆண்களுக்கு மட்டும் ஒரு புதுப் போட்டியை ஒலிம்பிக்கில் நுழைப்பது நடக்காத காரியம். பெண்கள் பக்கம் ஆள் பலமும் தரமும் இருந்ததால்தான் ஆண்களுக்கும் கதவு திறந்தது. 2014இலும் 2018இலும் தங்கம் வாங்கிய டேவிட் வைஸ் உட்பட அத்தனை ஆண்களும் பர்க்குக்குக் கடன்பட்டவர்கள். "பெண்களுக்கான முன்னோடி" என்று எழுதுவது அவரைப் பாதியாக வெட்டுவது.

பனிப்பித்தன் (கோவை):

இதை நான் இந்தக் கோணத்தில் யோசித்ததில்லை. அருமை.

போட்டியாளர்களைக் கூப்பிட்டார் என்றீர்களே, அதற்கு மரி மார்ட்டினோவின் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். பிரெஞ்சுக்காரர். ஆரம்ப காலத்தில் பர்க்கோடு மோதியவர். இருபதுகளின் முதல் பாதியிலேயே போதும் என்று விலகிவிட்டார். 2009இல் மகள் பிறந்தாள். ஹாஃப்பைப் ஒலிம்பிக்கில் சேர்ந்ததும், திரும்பி வா என்று அவரை விடாமல் இழுத்தவர் பர்க். நினைத்துப் பாருங்கள், தனக்குத் தங்கம் கிடைக்க வாய்ப்புள்ள ஒரே ஒலிம்பிக்குக்கு, பழைய எதிரியை வீட்டிலிருந்து கிளப்பிக் கொண்டுவருகிறார். மார்ட்டினோ திரும்பினார். அதற்குள் கூப்பிட்டவர் போய்விட்டார்.

2014 பிப்ரவரி 20, சோச்சி. முதல் பெண்கள் ஸ்கீ ஹாஃப்பைப் இறுதி. அமெரிக்காவின் மேடி போமன் 89.00 எடுத்துத் தங்கம். மார்ட்டினோ 85.40, வெள்ளி. ஜப்பானின் அயானா ஓனோசுகா 83.20, வெண்கலம். 2018இல் மார்ட்டினோ மறுபடி வெள்ளி. வயது 33, கையில் பள்ளிக்கூடம் போகும் மகள். தங்கம் வாங்கியவர் கனடாவின் கேஸி ஷார்ப், 95.80.

அந்த 2014 இறுதி நாளில் பைப்பைச் சீர்செய்யும் பணியாளர்கள் இதய வடிவத்தில் அணிவகுத்து ஸ்கீ பண்ணி இறங்கினார்கள். பர்க்குக்காக. கனடா பயிற்சியாளர் ட்ரென்னன் பெய்ன்டர் அவருடைய அஸ்தியில் கொஞ்சம் கொண்டுபோய் அங்கே தூவினார்.

கணக்குப்பிள்ளை (சென்னை):

அதே சோச்சியில் ஹெல்மெட்டில் அவர் பெயர் ஸ்டிக்கர் ஒட்டக்கூடாது என்று ஒலிம்பிக் கமிட்டி தடுத்ததையும் சொல்லுங்கள். எக்ஸ் கேம்ஸில் தாராளமாக ஒட்டிக்கொண்டு ஆடியது இங்கே விதிமீறலாகிவிட்டது. போட்டியைக் கொண்டுவந்தவர் பெயருக்கு இரண்டு அங்குலம் இடமில்லை.

அப்புறம், வானதி அவர்களுக்கு ஒரு கேள்வி. ஆள் பலம், தரம் என்கிறீர்கள். 2018இல் ஹங்கேரிக்காக எலிசபெத் ஸ்வேனி என்ற பெண் இறங்கினாரே? பெரிய வித்தை எதுவும் செய்யாமல், சுவரில் ஏறி இறங்கி, விழாமல் முடித்தார். 31.40 மார்க். உலகமே சிரித்தது. அவர் எப்படித் தகுதி பெற்றார்? உலகக் கோப்பைப் போட்டிகளுக்கு முப்பது பெண்கள் கூட வராததால், கலந்துகொண்டாலே புள்ளி. பர்க் இறந்து ஆறு வருஷம் கழித்தும் நிலைமை இதுதான் என்றால்?

சும்மா_வந்தவன்:

அந்த வீடியோ நான் பார்த்திருக்கேன்! வாட்ஸாப்ல வந்துச்சு. அப்ப இது என்ன விளையாட்டுன்னே தெரியாது 😀

வானதி:

ஸ்வேனி விதியை மீறவில்லை. விதியில் இருந்த ஓட்டையைப் பொறுமையாகப் பயன்படுத்தினார். எனக்கு அவர் மேல் கோபமில்லை. ஆனால் சார் கேட்டது நியாயமான கேள்வி. களம் இன்னும் மெலிந்துதான் இருக்கிறது. காரணம் வீராங்கனைகள் இல்லை, பைப்புகள் இல்லை. 22 அடி பைப்பைக் கட்டிப் பராமரிப்பது ஒரு ஸ்கீ விடுதிக்குப் பெரிய செலவு. பனி, இயந்திரம், ஆள், எல்லாம் அதற்கே போகும். அதில் இறங்குகிறவர்களோ விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். பல இடங்களில் கட்டுவதையே விட்டுவிட்டார்கள். பழக இடமில்லாத விளையாட்டில் முப்பதாவது ஆள் எங்கிருந்து வருவாள்?

ஆனால் முதல் பத்துப் பேரைப் பாருங்கள். 2018இல் மூன்றாம் இடத்துக்கு 91.60, நான்காம் இடத்துக்கு 90.80. 2014இல் தங்கமே 89.00! வெவ்வேறு நடுவர் குழுவின் மார்க்கை ஒப்பிடக்கூடாது என்பீர்கள், சரி. அந்த இரண்டு வருஷத்து ஓட்டங்களையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள், மார்க்கே வேண்டாம்.

ஸ்காபரோ சிவம் (ரொறன்ரோ):

2022இலயும் பாத்தனீங்கள்தானே. கூ 95.25 எடுத்துத் தங்கம். அடுத்த ரெண்டு இடமும் கனடாதான். கேஸி ஷார்ப் வெள்ளி, ரேச்சல் கார்க்கர் வெண்கலம். கார்க்கரும் ஒன்ராறியோப் பெட்டை. எங்கட குன்றுகளைக் குறைச்சு எடை போடாதேங்கோ.

கணக்குப்பிள்ளை (சென்னை):

ஆட்டம் வளர்ந்ததை நான் மறுக்கவில்லை. என் கேள்வி இன்னும் அங்கேயேதான் நிற்கிறது. ஸ்பான்சர் நிகழ்ச்சியில் விழுந்தால் யார் பொறுப்பு? 2012க்குப் பிறகு இதில் என்ன மாறியது? அந்தப் பதில் இல்லாத வரைக்கும் நான் முழு மனதாகக் கைதட்ட மாட்டேன்.

ஸ்காபரோ சிவம் (ரொறன்ரோ):

அண்ணை, உலகத்துக்கு என்னால பதில் சொல்ல ஏலாது. இஞ்ச இருக்கிற ஆக்களுக்கு ஒண்டு சொல்லுறன். பிள்ளையளை லீவுக்கு நியூயோர்க், வேர்மொன்ட் பக்கம் ஸ்கீக்குக் கூட்டிக்கொண்டு போறவை, ட்ராவல் இன்சூரன்ஸ் வாங்கேக்க பொலிசியின்ர விலக்குப் பகுதியைத் திறந்து வாசியுங்கோ. சாதாரண சரிவில இறங்கினா குடுப்பினம். போட்டி, ஸ்கீ பார்க், கட்டின பாதைக்கு வெளியால போறது, இதில ஏதாவது விலக்கில இருந்தா அதுக்கெண்டு தனியாக் காசு கட்டிச் சேர்க்கலாம். கட்ட முதல் ஃபோன் எடுத்து, "ஹாஃப்பைப்புக்கும் பொருந்துமா" எண்டு நேரடியாக் கேட்டு, பதிலை மின்னஞ்சலில வாங்கி வையுங்கோ.

சும்மா_வந்தவன்:

சரி, ஒரே ஒரு ஓட்டம் பார்க்கணும்னா எதைப் பார்க்கலாம்? ஸ்வேனி வேண்டாம் 😀

பனிப்பித்தன் (கோவை):

2011 எக்ஸ் கேம்ஸ், ஆஸ்பென், பெண்கள் சூப்பர்பைப். முதுகு முறிந்து இரண்டு வருஷம் கழித்து வாங்கிய தங்கம். முதல் தடவை அப்படியே பாருங்கள். இரண்டாவது தடவை வேகத்தைப் பாதியாகக் குறைத்து, ஒவ்வொரு இறக்கத்திலும் ஸ்கீ முனை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று மட்டும் கவனியுங்கள். அதோடு அதே நாள் மற்ற பெண்களின் ஓட்டங்களையும் விட்டுவிடாதீர்கள்.